தகப்பனுக்கும் மஞ்சள், மகனுக்கும் மஞ்சள்

தாய்லாந்து தேசத்தில் கிழமைக்கு ஒரு நிறம் உண்டு. ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள், செவ்வாய் ரோஜா நிறம், வெள்ளி நீலம், சனி ஊதா என்று சின்னக் குழந்தைகூட ஒப்பிக்கும். நம் வீட்டுப் பாட்டிமார் இன்ன கிரகத்துக்கு இன்ன வர்ணத்தில் வஸ்திரம் சாத்த வேண்டும் என்று சொல்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிறந்த கிழமையின் நிறமே அவருக்கு உரிய நிறம்.

மகாராஜா பூமிபால் பிறந்தது திங்கட்கிழமை. ஆகவே அவர் நிறம் மஞ்சள். 2006 ஜூன் மாதம் அவர் பட்டத்துக்கு வந்து 60 வருஷம் நிறைந்தபோது பாங்காக் நகரமே மஞ்சள் பூசிக் குளித்தது போல் இருந்தது. ஆபீஸ் குமாஸ்தா, மீன் விற்கிறவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எல்லார் உடம்பிலும் மஞ்சள் சட்டை. மன்னர் மாளிகை உப்பரிகையில் வந்து நின்றதும் லட்சக்கணக்கான ஜனங்கள் கண்ணீர் பெருக்கி வாழ்த்தொலி எழுப்பினார்கள். சர்க்கார் உத்தரவு போட்டு மஞ்சள் சட்டை அணியச் செய்யலாம். கண்ணீருக்கு உத்தரவு போட முடியாதல்லவா?

இதில் ஒரு வேடிக்கை. அவருடைய ஒரே குமாரர், இன்றைய மன்னர் வஜிராலங்கோன், பிறந்ததும் திங்கட்கிழமைதான். அவருக்கும் அதே மஞ்சள். 2019 மே மாதம் அவருக்குப் பட்டாபிஷேகம் நடந்தபோது, ஜனங்கள் பெட்டியைத் திறந்து மஞ்சள் சட்டையை வெளியே எடுத்தார்கள். சட்டை அதேதான். அதற்குள் இருந்த மனசும் அதேதானா என்பதுதான் அந்தத் தேசத்தில் பலரும் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி. தனக்குத்தானே என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்த ராஜ வம்சத்தின் பெயர்களைக் கேட்டால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது. அரசர்களை 'ராமன்' என்று இலக்கமிட்டு அழைப்பது வழக்கம். பூமிபால் 9-வது ராமர். மகன் 10-வது ராமர். பூமிபால் என்பது பூமியின் பலம். அதுல்யதேஜஸ் என்ற பட்டப் பெயர்தான் தாய் மொழியில் அதுன்யதேத் ஆகியிருக்கிறது. வஜ்ராலங்காரம் என்பதைத்தான் வஜிராலங்கோன் என்கிறார்கள். அரண்மனையில் இன்னும் பிராம்மண புரோகிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருஷந்தோறும் நடத்தும் ஒரு பூஜைக்கு 'திரியம்பாவாய் திரிபாவாய்' என்று பெயர். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து போய் நாத்தடுமாறி நிற்கும் கோலம் அது!

இனி, அந்த மன்னரை ஜனங்கள் ஏன் அவ்வளவு நேசித்தார்கள் என்று பார்ப்போம்.

அவருடைய தாயார் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த ஏழைப் பெண். நர்ஸாகப் படித்து, உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்றார். அங்கே வைத்தியம் படிக்கத் தொடங்கியிருந்த இளவரசர் மஹிதோல் அவரைக் கண்டு விரும்பி மணந்துகொண்டார். 1927 டிசம்பர் 5-ந் தேதி அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரின் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்தான் பூமிபால். அவருக்கு 2 வயது நிறைவதற்குள் தகப்பனார் காலமானார். அந்த அம்மாள் மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்விட்ஜர்லாந்துக்குப் போய்ச் செட்டும் கட்டுமாக வளர்த்தார்.

பூமிபால் ராஜாவாக வேண்டியவரே அல்ல. அவருடைய அண்ணா ஆனந்த மஹிதோல்தான் மன்னராக இருந்தார். 1946 ஜூன் 9-ந் தேதி காலை, அண்ணா தம் படுக்கை அறையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்து கிடந்தார். அந்த மர்மம் இன்றுவரை தீரவில்லை. அன்று மாலையே 18 வயதுத் தம்பிக்குக் கிரீடம் வந்து சேர்ந்தது. படிப்பைத் தொடர ஸ்விட்ஜர்லாந்து திரும்பிய இடத்தில் 1948-ல் மோட்டார் விபத்து. வலக் கண்ணின் பார்வை போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக்கொண்ட பெண், தூதர் ஒருவரின் மகள் ஸிரிகித். 1950 ஏப்ரலில் இருவருக்கும் கல்யாணம். ஒரு வாரம் கழித்து மே 5-ந் தேதி பட்டாபிஷேகம். கதையில் எழுதினால் 'ரொம்பக் கற்பனை ஐயா' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தக் காலத்தில் தாய்லாந்தில் ராஜாவுக்குப் பெரிய செல்வாக்கு ஒன்றும் இல்லை. 1932-ல் நடந்த புரட்சியோடு மன்னரின் ஏகபோக அதிகாரம் முடிந்துவிட்டது. ஆகவே இந்த இளைஞர் ஜனங்களின் அன்பை ஆரம்பத்திலிருந்தே சம்பாதிக்க வேண்டியிருந்தது.

எப்படிச் சம்பாதித்தார்? கிராமம் கிராமமாகப் போனார். 1952-ல் ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊருக்கு அருகே அவருடைய வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. கிராமத்தார் கூடித் தள்ளி மீட்டார்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று மன்னர் கேட்டாராம். 'ரோடு வேண்டும்' என்றார்களாம். காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் வாடிப்போகிறதே, வேறு என்ன கேட்பார்கள்? ரோடு வந்தது. அவருடைய பெயரால் பின்னால் நடந்த ஆயிரக்கணக்கான அபிவிருத்தி வேலைகளுக்கு அதுவே பிள்ளையார் சுழி என்று அந்த நாட்டில் சொல்லுகிறார்கள்.

1955 நவம்பரில், வடகிழக்கே நகோன் பனோம் என்ற ஜில்லாவில் நடந்தது இன்னும் பெரிது. மன்னர் வருகிறார் என்று கேள்விப்பட்டு 102 வயதுக் கிழவி ஒருத்தி மூன்று தாமரைப் பூக்களை ஏந்திக்கொண்டு காலையிலிருந்தே சாலை ஓரத்தில் காத்திருந்தாள். வெயில் ஏற ஏறப் பூக்கள் வாடித் தலை சாய்ந்தன. கிழவி மட்டும் சாயவில்லை. மன்னர் வந்தார். வாடிய பூக்களை அவள் தலைக்குமேல் தூக்கி நீட்டினாள். அவர் குனிந்தார், அவர் முகம் அவள் தலையைத் தொடும் அளவுக்குக் குனிந்து அந்தச் சுருக்கம் விழுந்த கையைப் பற்றிக்கொண்டார். அந்தக் கணத்தைப் போட்டோ எடுத்துவிட்டார்கள். தாய்லாந்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மன்னருக்கு முன்னால் தவழ்ந்து போவதே மரபாக இருந்த தேசம் அது. அங்கே மன்னர் குனிந்தார் என்றால் அதற்கு எவ்வளவு அர்த்தம் பாருங்கள். பிறகு அரண்மனையிலிருந்து அந்தப் படத்தின் பிரதி ஒன்று கிழவிக்கு வந்து சேர்ந்தது.

இதைத் தவிர இன்னும் எத்தனையோ. கழுத்தில் காமிரா, கையில் தேச படம், சட்டைப் பையில் பென்சில். மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி தொங்கும் அவர் படம் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்தது. மழை பெய்யாத சீமைக்கு விமானத்தில் ஏறி ரசாயனம் தூவி மழை வருவிக்க ஏற்பாடு செய்தார். மலைஜாதியார் அபினிச் செடிக்குப் பதிலாகப் பழமும் காப்பியும் பயிரிட 1969-ல் ஒரு திட்டம் தொடங்கினார். அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு சக்கரம் கண்டுபிடித்து 1993-ல் அதற்குப் பேடண்ட் உரிமை வாங்கினார். ஸாக்ஸபோன் வாசிப்பார், பாய்மரப் படகு கட்டி, 1967-ல் தம் மூத்த பெண்ணோடு பந்தயத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

வாசகிகளுக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று சொல்கிறேன். மன்னருடைய பற்பசைக் குழாய்! கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, பிரஷ்ஷின் கழுத்தால் நசுக்கி, காகிதம் போல் தட்டையாகிவிட்ட ஒரு குழாய் அந்த நாட்டில் பிரசித்தமான பொருள். சிக்கனத்துக்கு உதாரணமாகக் குழந்தைகளுக்கு அதன் படத்தைக் காட்டுகிறார்கள். உலகத்திலேயே மிகப் பணக்கார ராஜ குடும்பங்களில் ஒன்று அது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது.

1992 மே மாதம் பாங்காக் வீதிகளில் ராணுவம் சுட்டுப் பலர் மாண்டபோது, பிரதம மந்திரியையும் எதிர்க் கூட்டத்தின் தலைவரையும் மன்னர் ஒருங்கே கூப்பிட்டு அனுப்பினார். மன்னர் ஸோபாவில், இருவரும் கீழே தரையில். சண்டை போட்ட பிள்ளைகளைத் தகப்பனார் கண்டிப்பது போல் அவர் அடங்கிய குரலில் பேசியதை டெலிவிஷனில் தேசமே பார்த்தது. நாலைந்து நாளில் பிரதமர் ராஜினாமா செய்தார். அவரை ஜனங்கள் 'அப்பா' என்று அழைத்தது வெறும் உபசார வார்த்தை அல்ல. அவர் பிறந்த நாளே அங்கே தந்தையர் தினம். மகாராணியின் பிறந்த நாள் அன்னையர் தினம்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அது கட்டுரை ஆகாது, வாழ்த்துப் பத்திரம் ஆகிவிடும். இந்த அன்பு முழுவதும் தானாக முளைத்ததல்ல. தினமும் இரவு டெலிவிஷனில் ராஜ குடும்பச் செய்தி. சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன் ராஜ கீதம். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவர் காலத்தில் ராணுவப் புரட்சிகள் சுமார் 10 நடந்தன. பெரும்பாலானவை அவருடைய கையெழுத்தோடு சட்டபூர்வமாயின. எல்லாவற்றுக்கும் மேலே ராஜ நிந்தைச் சட்டம் என்று ஒன்று. மன்னரையோ ராணியையோ பட்டத்து வாரிசையோ அவதூறாகப் பேசினால், ஒவ்வொரு பேச்சுக்கும் 3 முதல் 15 வருஷம் வரை சிறை. 1976-ல் இப்படிக் கடுமையாக்கினார்கள். பட்டத்து வாரிசும் அதில் சேர்த்தி என்பதைக் கவனியுங்கள். 2005-ல் தம் பிறந்தநாள் பேச்சில் மன்னரே, 'நானும் தப்புச் செய்யக்கூடியவன்தான், என்னை விமரிசிக்கலாம்' என்ற கருத்தைச் சொன்னார். சட்டம் கேட்கவில்லை. மன்னர் பேச்சையே கேட்காத ராஜ விசுவாசம்!

இப்போது பிள்ளைக்கு வருவோம்.

மூன்று பெண்களுக்கு நடுவே ஒரே ஆண். 1952 ஜூலை 28-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படிப்பு, ராணுவப் பயிற்சி, கைதேர்ந்த விமானி. 1972-ல் 20 வயதில் பட்டத்து இளவரசர் ஆனார். அதற்குப் பிறகு 44 வருஷம் காத்திருந்தார். எந்தத் தகப்பனாருக்குப் பிள்ளையாகப் பிறந்தோம் என்பதை ஒரு நாளும் மறக்க விடாத 44 வருஷம். பரிதாபப்படவும் இடம் இருக்கிறது.

கல்யாணங்கள்தான் முதல் பேச்சு. 1977-ல் தாய்வழி உறவுப் பெண்ணை மணந்தார், பிறகு விவாகரத்து. 1994-ல் இரண்டாவது, இரண்டே வருஷத்தில் அந்த மனைவி நாட்டை விட்டே போனார், அவருடைய நான்கு ஆண் பிள்ளைகளும் வெளிநாட்டிலேயே வளர்ந்தார்கள். 2001-ல் மூன்றாவது, 2014-ல் அவருடைய உறவினர் பலர் கைதாயினர், அவரும் பட்டத்தைத் துறந்து ஒதுங்கினார். 1980-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, தாயார் மகாராணி ஸிரிகித்தே பத்திரிகைக்காரர்களிடம், பிள்ளை நல்ல பிள்ளைதான் என்றும், ஆனால் கொஞ்சம் காதல் மன்னன் என்றும் பொருள்பட ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பிள்ளையைப் பற்றித் தாய் இப்படிப் பேசலாமா? வீட்டுக்குள் பேசலாம். பத்திரிகைக்காரர்களிடம் பேசினால், 40 வருஷத்துக்குப் பிறகும் அதை எடுத்து எழுதுவார்கள். இதோ நான் எழுதுகிறேன்.

அதே சமயத்தில் ஜனங்கள் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவரசி ஸிரிந்தோன். 'தேப்' அதாவது 'தேவதை' என்று செல்லமாக அழைப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் போன கிராமங்களுக்கெல்லாம் அவரும் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகப் பின்னாலேயே போவார். ஸம்ஸ்கிருதமும் பாலியும் கற்றவர். நம் இந்திய சர்க்கார் 2017-ல் அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்திருக்கிறது. 1974-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் அரசரின் புதல்வியும் பட்டத்துக்கு வரலாம் என்று ஒரு வாசல் திறந்தார்கள். 1977-ல் அவருக்கு மிகப் பெரிய பட்டம் ஒன்றையும் தகப்பனார் சூட்டினார். ஜனங்கள் அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. பெண் குழந்தை பொறுப்பாக இருந்தும் சாவிக்கொத்து பிள்ளையிடம்தான் போகிறது என்பது எந்த வீட்டுக்குப் புதிது? அண்ணா பட்டத்து இளவரசர் என்பது 1972-லேயே முடிந்த காரியம். தங்கை அந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேச முடியாத தேசத்தில் சந்தேகம் எப்படி வாழும்? மௌனத்தில்தான். 2015 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சர்வதேசப் பதிப்பு, பாங்காக்கில் முதல் பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடத்தோடு வெளிவந்தது. அச்சிட மறுத்துவிட்டது உள்ளூர் அச்சகம். அந்த வெற்று இடத்தைத்தான் ஜனங்கள் மற்ற எல்லாப் பத்தியையும்விட உற்றுப் படித்திருப்பார்கள்.

2016 அக்டோபர் 13. சிரிராஜ் ஆஸ்பத்திரி வாசலில் ரோஜா நிறச் சட்டை அணிந்த கூட்டம். ஏன் ரோஜா நிறம் என்றால், 2007-ல் மன்னர் நோய் தீர்ந்து ஆஸ்பத்திரியிலிருந்து ரோஜா நிறக் கோட்டு அணிந்து வெளியே வந்தார். அன்றிலிருந்து அந்த நிறம் அவருக்கு ஆரோக்கியம் தரும் என்று நம்பிக்கை. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மந்திரம் ஜபித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிற்பகல் 3-52-க்கு அவர் உயிர் பிரிந்தது. மாலையில் செய்தி வந்ததும் எழுந்த ஓலத்தை டெலிவிஷனில் கேட்ட யாருக்கும் வயிறு கலங்கியிருக்கும். 70 வருஷம். அந்த நாட்டில் மிகப் பெரும்பாலோர் வேறு ராஜாவை அறியவே மாட்டார்கள்.

மறு நாளிலிருந்து கறுப்பு. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிற்று. தெரு ஓரத்தில் அண்டா வைத்துச் சாயம் காய்ச்சி, கொண்டுவந்த துணியையெல்லாம் இலவசமாக முக்கிக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் கூலி வாங்காமல் ஜனங்களை அரண்மனைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கறுப்பு உடுத்தாதவர்களை வழிமறித்துத் திட்டிய கூட்டமும் இருந்தது. அன்பு முற்றினால் அப்படியும் ஆகிறது. ஒரு வருஷ காலத்தில் உடலுக்கு அஞ்சலி செலுத்தியவர்கள் சுமார் 1 கோடியே 27 லட்சம் பேர். 2017 அக்டோபர் 26-ந் தேதி தகனம். அதற்கு முன்பே நகரமெங்கும் துலுக்கச் சாமந்தி நட்டு வைத்திருந்தார்கள். அவர் போகிற நாளில் ஊர் கறுப்பு உடுத்தி மஞ்சள் பூத்திருந்தது.

இளவரசர் என்ன செய்தார்? உடனே பட்டத்தை ஏற்கவில்லை. ஜனங்களோடு சேர்ந்து துக்கம் கொண்டாட அவகாசம் வேண்டும் என்றார். 96 வயதுப் பெரியவர் ஒருவர் ராஜப் பிரதிநிதியாக இருக்க, டிசம்பர் 1-ந் தேதி இரவுதான் மகன் இசைந்தார். இது நல்ல செய்கை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதற்கு முந்திய வருஷம் தாயாருக்காகவும் தகப்பனாருக்காகவும் இரண்டு பெரிய சைக்கிள் ஊர்வலங்களைத் தாமே முன்னின்று ஓட்டியதையும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

ஆனால் நாளாக ஆகப் பழைய சந்தேகங்கள் தலை தூக்கின. ராஜாங்கச் சொத்து முழுவதும் 2018-ல் அவருடைய சொந்தப் பெயருக்கு மாறியது. 2019-ல் இரண்டு படைப் பிரிவுகள் நேரே அரண்மனைக்கு வந்தன. பட்டாபிஷேகத்துக்கு மூன்று நாள் முன்பு நான்காவது கல்யாணம். மூன்று மாதத்துக்குள் அரண்மனை நாயகி என்று இன்னொரு பெண்ணுக்குப் பட்டம். மூன்று மாதத்தில் அது பறிப்பு. மறு வருஷம் திரும்பவும் கொடுப்பு. வருஷத்தில் பல மாதங்கள் ஜெர்மனியில் வாசம். தகப்பனாரோ 1967-க்குப் பிறகு வெளிநாட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் பக்கத்து லாவோஸுக்கு.

2020 ஆகஸ்ட் 10-ந் தேதி தம்மசாத் சர்வகலாசாலை மைதானத்தில் 21 வயது மாணவி ஒருத்தி மேடை ஏறி, ராஜ குடும்பத்தைச் சீர்திருத்தப் பத்துக் கோரிக்கைகளை உரக்கப் படித்தாள். அதுவரை அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு. கேட்ட தாய் தகப்பன்மார் நடுங்கினார்கள். அதில் பாதி அவர்கள் மனசிலும் இருந்ததுதான். சினிமாக் கொட்டகையில் ராஜ கீதத்துக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் பெருகினார்கள். தகப்பனும் பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் பேசாமல் போன வீடுகள் ஏராளம். சட்டமும் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலிருந்து சில வருஷங்களில் 250-க்கும் மேற்பட்டவர்கள் மீது ராஜ நிந்தை வழக்கு. பழைய மன்னர் காலத்தில் சில ஒலிப்பதிவுகளை இன்டர்நெட்டில் பரப்பினாள் என்று, 60 வயதைத் தாண்டிய சர்க்கார் உத்தியோகஸ்தி ஒருத்திக்கு 2021 ஜனவரியில் 43 வருஷம் 6 மாதம் சிறை. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் 87 வருஷத்தில் பாதி! 2025-ல் ராஜ மன்னிப்புப் பெற்று அவள் வெளியே வந்தாள்.

அந்த வருஷம் அக்டோபர் 24-ந் தேதி மகாராணி ஸிரிகித்தும் 93-வது வயதில் காலமானார். மறுபடி நகரம் கறுப்பு உடுத்தியது. அடுத்த வாரிசு யார் என்று வஜிராலங்கோன் தம் தகப்பனாரைப் போல முறைப்படி அறிவித்ததில்லை. 2005-ல் பிறந்த மகன் ஒருவர் இருக்கிறார். ஜனங்கள் நம்பிக்கை வைத்திருந்த மூத்த மகள், 2022 டிசம்பரில் மயங்கி விழுந்தவர், 2025-லும் நினைவு திரும்பாமலே ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேசக் கூடாத பேச்சை அங்கே மறுபடியும் தணிந்த குரலில் பேசுகிறார்கள்.

2020 அக்டோபர் 23-ந் தேதி மாலை நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கிளர்ச்சி உச்சத்தில் இருந்த சமயம். அரண்மனைக்கு வெளியே மஞ்சள் சட்டைக் கூட்டம் மன்னரைத் தரிசிக்கக் காத்திருந்தது. மன்னர் கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். அங்கே ஒருவர் இருந்தார். சில நாள் முன்பு எதிர்ப்புக் கூட்டத்துக்கு எதிரே தன்னந்தனியாக நின்று, ஒரு படத்தை உயரத் தூக்கிப் பிடித்தவர் அவர். மன்னர் அவரிடம் நின்று, 'ரொம்பத் துணிச்சல், ரொம்பக் கெட்டிக்காரத்தனம், சந்தோஷம்' என்று சொன்னார். பிறகு கிளர்ச்சிக்கார இளைஞர்கள் அந்த வார்த்தைகளைக் கேலியாகச் சட்டையில் அச்சிட்டுக்கொண்டார்கள். பக்திமான்கள் மனம் குளிர்ந்து அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அந்த மனிதர் தூக்கிப் பிடித்தது பழைய மன்னர் பூமிபாலின் படம்.